அரக்குச் சாயமும் ஒரு வெள்ளை வேட்டியும்

தேவேந்திரன் இன்றைக்கு உயிரோடு நடமாடுகிறார் என்றால் அதற்கு முதல் காரணம் அவர் இழுத்த ஒரு வீண் சண்டை. டாக்டர், ரத்தப் பாட்டில், குழாய் எல்லாம் அதற்கப்புறம் வந்தவை. அந்தச் சண்டையில் அவர் பக்கம் கடுகளவு நியாயம்கூடக் கிடையாது. இருந்திருந்தால் ஜெயித்திருப்பார், ஜெயித்த திருப்தியோடு வீட்டுக்கு வந்து படுத்திருப்பார், அப்படியே போய்ச் சேர்ந்திருப்பார். தோற்றதால் பிழைத்தார்.

பிள்ளையார்பாளையத்தில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. ஐம்பத்திரண்டு வயது, ஒல்லி உடம்பு, நெற்றி நிறைய விபூதி, வாய் நிறைய அபிப்பிராயம். கேஸ் சிலிண்டர் தாமதமாக வந்தால் அதற்கு ஒரு காரணம் வைத்திருப்பார். தேர் மூலை திரும்பும்போது எந்தச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டிருக்க வேண்டும் என்பதை, தேர் நிலைக்கு வந்து சேர்ந்த பிறகு விளக்கமாகச் சொல்வார். ஆனாலும் அவர் தன்னை மேதை என்று உண்மையாகவே நம்பியது மருத்துவத்தில்தான்.

பழைய ஜரிகை டப்பா ஒன்றில் மாத்திரை சேர்த்து வைத்திருந்தார். முதுகுக்கு வெள்ளை, முட்டிக்கு மஞ்சள், தலைக்கு ரோஸ். பேர் கேட்டால் சொல்லத் தெரியாது, நிறத்தைச் சொல்வார். நாள் முழுக்கத் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டுக் குனிந்தே உட்காருகிற ஜனத்துக்கு வலிக்காத இடம் எது? தெருவில் யார் "அம்மாடி" என்று இடுப்பைப் பிடித்தாலும் டப்பா திறந்துவிடும்.

"வெறும் வயித்துல மட்டும் போட்டுடாதபா. குடலு புண்ணாப் பூடும்" என்று கண்டிப்பாகச் சொல்லித்தான் கொடுப்பார். மருந்துக் கடைக்காரர் எப்போதோ சொன்ன எச்சரிக்கை அது. அவர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டிருந்தார்.

எடுத்துக்கொண்ட விதத்தில்தான் கோளாறு. அவருக்கு வலி மாத்திரை போடும் நேரம் சாயங்காலம் ஆறு மணி. சாப்பாட்டுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. வயிறு வெறுமையாக இருக்கக் கூடாது. அதனால் முதலில் ஒரு குவார்ட்டரை ஊற்றி வயிற்றை நிரப்பிக்கொள்வார். மேலே ஒரு பிடி வேர்க்கடலை. அதற்கும் மேலே வெள்ளை மாத்திரை ஒன்று. வலி அதிகமென்றால் இரண்டு.

"மாத்திரை மட்டும் போட்டா வலி கேக்க ஒரு மணி நேரம் ஆவுது. சரக்கோட போட்டுப் பாரு, பத்தே நிமிஷம். ஒண்ணுக்கு ஒண்ணு ஒத்தாசை" என்று இளவரசனிடம் மட்டும் இந்த ரகசியத்தைச் சொல்லியிருந்தார். இளவரசன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். பாட்டிலைக் கொண்டுவந்து கொடுப்பவனும் அவன்தான்.

ஏன் இவரே கடைக்குப் போய் வாங்கக் கூடாது என்று கேட்பீர்கள். அங்கேதான் முருகன் வருகிறார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் திருப்புட்குழியில் ஒரு கல்யாணத்துக்குப் போன தேவேந்திரன், திரும்பும் வழியில் மொபெட்டோடு வாய்க்காலில் இறங்கிவிட்டார். மறுநாள் காலை அவர் மனைவி வடிவாம்பாள் அவரைக் குளிக்கவைத்துக் குமரக்கோட்டத்துக்கு இழுத்துக்கொண்டுபோய், எரிகிற கற்பூரத்தின் மேல் கையை வைக்கச் சொன்னாள். அவரும் வைத்தார். "முருகா, இனிமே சாராயக் கடை வாசப்படி மிதிக்கமாட்டேன்" என்று சத்தியம் செய்தார். நாற்பத்தொரு நாள் தாங்கினார். அதில் முதல் பத்து நாள் அம்மை போட்டுப் படுத்திருந்தார். நாற்பத்திரண்டாம் நாள் அவருக்கு ஒரு சட்டப் பாயிண்ட் தோன்றியது. வாசற்படியை மிதிக்கமாட்டேன் என்றுதானே சொன்னோம்? மிதிக்கிறது இளவரசன். அவன் எந்தக் கற்பூரத்தையும் தொட்டதில்லை. முருகனே நேரில் வந்தாலும் இந்தக் கேஸில் ஒன்றும் செய்ய முடியாது என்று தேவேந்திரனுக்குத் தைரியம் வந்துவிட்டது.

பாட்டில் இருக்குமிடம் தறிக்குழி. உட்காரும் இடத்துக்குப் பின்னால், குழியின் மண்சுவரில் கையளவு ஒரு பொந்து குடைந்து, பழைய துணி சுற்றி வைத்திருந்தார். ஆறு மணிக்கு வடிவாம்பாள் எழுந்து விளக்கேற்றவும் அடுப்பு வைக்கவும் உள்ளே போவாள். அவள் திரும்பி வருவதற்குள் காரியம் முடிந்து, வாயில் ஒரு வெற்றிலை, முகத்தில் ஒரு சாந்தம்.

அவள் திரும்பி வந்துதான் ஆக வேண்டும். அவர் நெய்வது கோர்வைப் புடவை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்று பிடித்து நெய்கிற வேலை அது. ஒரு ஆளால் ஆகாது. நடுவில் அவர் குறுக்கு நூலைச் சுமக்கும் நாடாவை ஓட்ட, ஓரத்தில் வடிவாம்பாள் கரை நாடாவைப் போடுவாள். இருபத்தாறு வருஷமாக இரண்டு பேரும் அப்படி ஒரே பலகையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நெய்கிறார்கள். பேச்சு குறைவு. தறி போடும் சத்தத்தில் பேசவும் முடியாது.

அந்த முறை தறியில் ஏறியிருந்தது அரக்கு நிற உடல், கிளிப்பச்சைக் கரை. பட்டு நூலுக்குச் சாயம் போட்டவர் பின்தெருவில் பட்டறை வைத்திருக்கும் தணிகாசலம். புடவை நாலு முழம் நெய்திருந்தபோது ஒரு நாள் காலை தேவேந்திரன் பல் விளக்கிக் குமட்டித் துப்பினார். கருஞ்சிவப்பாக விழுந்தது.

வேறு ஊர்க்காரனாக இருந்தால் பயந்திருப்பான். தேவேந்திரன் மூன்று விநாடி உற்றுப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"சாயம் போவுது."

அவர் அப்படி நினைத்ததற்குக் காரணம் உண்டு. நாடாவுக்குள் நூல் சுற்றி வைத்திருக்கும் குழலுக்குத் தார் என்று பேர். அதில் நூல் தீர்ந்தால் புதுத் தார் போட வேண்டும். அதன் நூல்முனையை நாடாவின் சின்னத் துளை வழியாக வெளியே எடுக்க ஊசி தேடிக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும். துளையில் வாயை வைத்து ஒரு உறிஞ்சு. நூல் நாக்குக்கு வந்துவிடும். ஒரு நாளைக்கு எத்தனை தாரோ அத்தனை உறிஞ்சு. சாயம் சரியாக நிற்காத நூல் என்றால் உதடும் நாக்கும் நிறம் மாறிவிடும். பச்சை நெய்தவன் பச்சையாகத் துப்புவான், நீலம் நெய்தவன் நீலமாகத் துப்புவான். அரக்கு நெய்கிறவர் அரக்காகத் துப்பினால் யாருக்குச் சந்தேகம் வரும்? பக்கத்து வீட்டுக்காரர்கூட எட்டிப் பார்த்துவிட்டு, "தணிகாசலம் சரக்கு இப்பல்லாம் சரியில்லபா" என்று தலையாட்டினார்.

பதினைந்து நாள் இப்படியே போயிற்று. உள்ளே வயிற்றில் புண் கசிந்துகொண்டிருந்தது. வெளியே அவர் காரணங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். தலை சுற்றியதா? பங்குனி வெயில். வெளிக்குக் கறுப்பாகப் போயிற்றா? கேழ்வரகுக் கூழ். மேல்வயிறு பற்றி எரிந்ததா? கேஸ், ஒரு கோலி சோடா. சோடாவுக்கும் அடங்காத அன்றைக்கு, எரிச்சலும் ஒரு வலிதானே என்று கூட ஒரு வெள்ளை மாத்திரையைப் போட்டுக்கொண்டார்.

வடிவாம்பாளுக்குத்தான் மனசு ஒப்பவில்லை. அவர் வாய் துடைத்த துண்டை இரண்டு தரம் சோப்புப் போட்டுத் துவைத்தாள். கறை பழுப்பாகி அப்படியே நின்றது.

"ஏங்க, சாயமா இருந்தா தண்ணியில கரையணுமே. இது இன்னா இப்பிடிப் புடிச்சிக்கினு நிக்கிது?"

"பட்டுச் சாயம் நூல்ல நிக்காது, துண்டுல நிக்கும். உனுக்கு இன்னா தெரியும் கெமிக்கலைப் பத்தி?" என்றார் தேவேந்திரன். அவருக்கும் தெரியாது. ஆனால் அவர் சொல்லும் தோரணையில் எதிர்க்கேள்வி கேட்க யாருக்கும் வாய் வராது.

பதினாறாம் நாள் அமாவாசை. அன்றைக்குக் காஞ்சிபுரத்தில் தறி ஓடாது, நெசவாளிக்கு விடுமுறை. மறுநாள் எழுந்து வேலை செய்ய வேண்டாம் என்பதால் முந்தின சாயங்காலம் தேவேந்திரன் கொஞ்சம் தாராளமாகவே நடந்துகொண்டார். ஒன்றரைக் குவார்ட்டர், மூன்று மாத்திரை. அமாவாசை அன்று தொடுவதில்லை என்ற கொள்கை உள்ளவர் ஆதலால் நாளைய பங்கையும் சேர்த்து இன்றே முடித்துவிட்டார்.

காலையில் துப்பியது முன்பைவிட அதிகமாகவும் சிவப்பாகவும் இருந்தது. அவருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்தெருவுக்குக் கிளம்பினார். வடிவாம்பாள், "நல்ல நாளும் அதுவுமா எங்க போறீங்க? வாங்க உள்ள" என்று பின்னாலேயே ஓடினாள்.

தணிகாசலம் அப்போது குடும்பத்தோடு மாகறல் கோவிலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். வாடகை வேன் வாசலில் நின்றது. தணிகாசலத்தின் கைகள் முழங்கை வரை எப்போதும் நீலமும் ஊதாவுமாக இருக்கும்; முப்பது வருஷத்துச் சாயம். அதனால் வெள்ளை உடுத்துவது அவருக்கு ஒரு விசேஷம். அமாவாசைக்கு அமாவாசைதான் உடுத்துவார். அன்றைக்குப் புத்தம்புது வேட்டி, கஞ்சி மொறமொறவென்று, நடந்தால் சத்தம் கேட்கும்.

"தணிகாசலம்! உன் அரக்கு போவுதுபா!" என்று தெருமுனையிலிருந்தே ஆரம்பித்தார் தேவேந்திரன்.

சாயக்காரனிடம் சாயம் போகிறது என்று சொல்வது லேசான வார்த்தை அல்ல. வேனுக்குள் ஒரு காலை வைத்த தணிகாசலம் காலை வெளியே எடுத்தார்.

"இன்னா சொன்ன?"

"பதினஞ்சு நாளா துப்புனா செவப்பா வருது. உன் சாயம் பூரா என் வயித்துலதான் இருக்குது. மேல்வயிறு எரியுது, தலை சுத்துது. நீ நூலுக்குச் சாயம் போட்டியா, எனக்குப் போட்டியா?"

கூட்டம் கூடிவிட்டது. விடுமுறை நாள், எல்லாருக்கும் நேரம் இருந்தது. யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் தணிகாசலத்துக்குத் தாங்கவில்லை.

"தேவகி! காப்பிக்கு வெந்நி வெச்சியே, எறக்கி எடுத்தா!" என்று மனைவியைக் கூப்பிட்டார். பட்டறையைத் திறந்து உள்ளே போய் அதே அரக்கு நூலில் ஒரு சுருளை, ஒரு கழியை, எடுத்துவந்தார். பித்தளைத் தாம்பாளத்தில் ஆவி பறக்கும் வெந்நீரை ஊற்றி, கழியை அமுக்கி, பிசைந்து, புரட்டி எடுத்தார். விரல் வெந்திருக்கும், மனிதர் முகம் சுளிக்கவில்லை. தாம்பாளத்துத் தண்ணீரை எல்லாருக்கும் காட்டினார். அடியில் இருந்த தாமரைப்பூ வேலைப்பாடு பளிச்சென்று தெரிந்தது.

"இதுக்கு இன்னா சொல்ற?"

"தண்ணியில தெரியாதுபா. எச்சில்ல தெரியும்" என்றார் தேவேந்திரன், இடத்தை விட்டுக்கொடுக்காமல்.

தணிகாசலம் ஈரக் கழியைத் தூக்கித் தன் தொடைமேல், அந்தப் புது வேட்டியின் மேலேயே வைத்து அரக்கித் தேய்த்தார். "ஐயோ வேட்டி!" என்று தேவகி வாயைப் பொத்திக்கொண்டாள். கழியை எடுத்தார். ஈரம் இருந்தது. நிறம் இல்லை. வேட்டி வேட்டியாகவே இருந்தது.

"பாத்துக்கங்கபா எல்லாரும். முப்பது வருஷமா தொழில் பண்றேன். துணி கிழிஞ்சாலும் கிழியும், தணிகாசலம் சாயம் போவாது" என்று கூட்டத்தைச் சுற்றிக் காட்டிவிட்டுத் தேவேந்திரன் பக்கம் திரும்பினார். "இப்ப நான் கேக்கறேன், நீ சொல்லு. இன்னிக்கு அமாவாசை. ஊர்ல எவனும் தறி தொடல. நேத்து சாயங்காலத்துலர்ந்து நீ வாயில நூலே வெக்கல. காலைல வந்த செவப்பு எங்கர்ந்துபா வந்துச்சு?"

தேவேந்திரன் வாயைத் திறந்தார். எத்தனையோ வருஷமாக எந்தக் கேள்விக்கும் ஒரு காரணம் தயாராக வந்து நின்ற வாய் அது. இந்த முறை காரணம் வரவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் நின்ற வடிவாம்பாளைப் பார்த்தார். அவள் முகம் வெளுத்திருந்தது, அவளுக்குப் புரிந்துவிட்டது. அடுத்த நிமிஷம் அவர் குனிந்தார். வயிற்றிலிருந்து குபுக்கென்று கட்டி கட்டியாக வந்தது, நேராகத் தணிகாசலத்தின் வேட்டியின் மேல்.

தணிகாசலம் வேட்டியைப் பார்த்தார். "இது என் சாயம் இல்ல" என்றார், அந்த நேரத்திலும். அப்புறம்தான் சரிந்து விழப்போன தேவேந்திரனை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தார்.

மாகறலுக்கு நின்ற வேன் பெரியாஸ்பத்திரிக்குப் போயிற்று.

அவசரப் பிரிவில் இருந்தது துர்காதேவி என்று ஒரு இளம் டாக்டர். கையில் ஊசி ஏற்றி, பாட்டில் மாட்டி, ரத்தத்துக்குச் சொல்லி அனுப்பிக்கொண்டே கேள்விகளையும் கேட்டாள். கட்டிலின் இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் வடிவாம்பாள்.

"எத்தனை நாளா ரத்தம் வருது?"

"சாயம்னு நெனைச்சோம் டாக்டர்" என்றாள் வடிவாம்பாள்.

"மலம் கறுப்பா போச்சா?"

"அது கூழு குடிச்சதால..." என்று ஆரம்பித்தார் தேவேந்திரன். டாக்டர் பார்த்த பார்வையில் கூழ் பாதியில் நின்றது.

"வலி மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?"

வடிவாம்பாள் பையைத் திறந்து ஒரு சீட்டை எடுத்தாள். கிழியாமல் இருக்க லேமினேஷன் செய்த சீட்டு. அதைக் காட்டிக் காட்டித்தான் மாதாமாதம் மாத்திரை வாங்கியிருந்தாள். துர்காதேவி வாங்கிப் படித்தாள்.

"இதுல அஞ்சு நாளைக்குன்னு எழுதியிருக்கு. தேதி ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி."

"நல்லா கேட்டுச்சு டாக்டர், அதான்..." என்றாள் வடிவாம்பாள் மெதுவாக.

"சரி. குடிப்பீங்களா?"

தேவேந்திரன் கண்ணை மூடிக்கொண்டார்.

"கண்ணைத் தொறங்க. இது முக்கியம். உள்ள கல்லீரல் எப்படி இருக்குன்னு தெரிஞ்சாதான் எந்த மருந்து ஏத்தலாம், எது ஏத்தக்கூடாதுன்னு முடிவு பண்ண முடியும். தப்பா சொன்னா உங்க உசிருக்குத்தான் ஆபத்து."

ஒரு பக்கம் உயிர், ஒரு பக்கம் வடிவாம்பாள். தேவேந்திரன் இரண்டையும் எடைபோட்டுப் பார்த்தார்.

"விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு டாக்டர். குமரக்கோட்டத்து முருகன் சாட்சி" என்றார் வாயால். அதே சமயம், வடிவாம்பாள் கண்ணில் படாதபடி போர்வை மறைவில் கட்டைவிரலை உயர்த்தி வாய்ப்பக்கம் இரண்டு தரம் சாய்த்துக் காட்டினார்.

"தாகமா இருக்கா? இப்ப எதுவும் வாயில குடுக்கக் கூடாது" என்றாள் துர்காதேவி.

தேவேந்திரன் தவித்துப்போனார். மறுபடியும் காட்டினார். புருவத்தையும் சேர்த்துக்கொண்டார். டாக்டர் அவருக்கு வலிப்பு வருகிறதோ என்று கிட்டே குனிந்தாள்.

அப்போது வடிவாம்பாள் சொன்னாள். அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"தெனம் ஒரு குவார்ட்டர் டாக்டர். சாயங்காலம் ஆறு மணிக்கு. தறிக்குழியில பொந்து வெச்சு அதுக்குள்ள வெச்சிருக்காரு. ஆட்டோ இளவரசன் வாங்கியாந்து தருவான். நேத்து கொஞ்சம் அதிகம்."

போர்வைக்குள் கட்டைவிரல் உயர்ந்தபடியே நின்றது.

"உனுக்கு எப்பிடி..." என்றார் தேவேந்திரன்.

"நெசவைத் தொட்டா தெரியாதா? காலைல நீங்க தறியில போடற அடி ஒரு மாதிரி, ஆறு மணிக்கு மேல போடற அடி ஒரு மாதிரி. காலைல நெய்ததுல நகம் எறங்காது. சாயங்காலம் நெய்தது தொளதொளன்னு கெடக்கும். ரெண்டு வருஷமா பக்கத்துலயே ஒக்காந்துக்கினு இருக்கறேன். எத்தினி மணிக்கு எவ்ளோ குடிச்சீங்கன்னு புடவையே சொல்லுது."

"அப்ப ஏன் கேக்கல?"

"கேட்டா இன்னொரு சத்தியம் பண்ணுவீங்க. இருக்கற ஒண்ணையே முருகன் எங்க வெக்கறதுன்னு தெரியாம வெச்சிருக்காரு."

துர்காதேவி சிரிப்பை அடக்கிக்கொண்டு குறித்துக்கொண்டாள். பிறகு சிரிப்பு இல்லாமல் சொன்னாள். "வலி மாத்திரை வயித்தோட உள்தோலை அரிக்கும். சாராயம் அதே எடத்துல எரிக்கும். ரெண்டும் தெனமும் சேர்ந்தா உள்ள புண்ணாகி ரத்தம் ஒழுக ஆரம்பிச்சுடும். வெளிய தெரியறதுக்குள்ள பாதி ரத்தம் போயிருக்கும். அதுவும் இந்த மாத்திரையில காய்ச்சல் மருந்தும் கலந்திருக்கு. அளவுக்கு மேல போட்டு, கூடவே குடிச்சா அது கல்லீரலைக் கெடுக்கும். ஒண்ணுக்கொண்ணு சேரவே கூடாதும்மா."

வடிவாம்பாள் கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள்.

"குடிக்கறது தெரியும் டாக்டர். மாத்திரையும் தெரியும், நான்தான் வாங்கியாந்தேன். வலியில முணகுவாரே, பாவமா இருக்கும். ரெண்டும் சேரக்கூடாதுன்னு எனக்கு யாரும் சொல்லல. என் கையால வாங்கியாந்து குடுத்துட்டு, என் கையாலயே அந்தத் துண்டையும் தோய்ச்சேன் டாக்டர். சாயம் இல்லன்னு கைக்குத் தெரிஞ்சிது. அவரு சொன்னாருன்னு உட்டுட்டேன்."

சொல்லிவிட்டு அழுதாள். சத்தம் வராமல், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். தேவேந்திரன் அவள் அழுது பார்த்ததில்லை. மொபெட்டோடு வாய்க்காலில் விழுந்தபோதுகூட அவள் திட்டத்தான் செய்தாள். செத்துப்போவோம் என்ற பயம் அதுவரை அவருக்கு வரவில்லை, இப்போது வந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது. போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து அவள் பக்கம் நீட்டினார். ஊசி குத்தியிருந்த கை. அவள் அதைப் பிடிக்காமல், ஊசி கழன்றுவிடப் போகிறதென்று திருப்பிக் கட்டில்மேல் வைத்தாள்.

வாய் வழியாகக் குழாய் விட்டு உள்ளே பார்த்து, புண்ணை அடைத்தார்கள். இரண்டு பாட்டில் ரத்தம் ஏறியது. அதற்கு ஈடாக ரத்தம் கொடுத்தவர்களில் தணிகாசலமும் ஒருவர். வெளியே வந்து டீ குடித்துக்கொண்டே, "இனிமே அவன் ஒடம்புல ஓடறதும் நம்ம பட்டறை செவப்புதான். போவவே போவாது" என்று அவர் எல்லாரிடமும் சொன்னார்.

ஏழாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது துர்காதேவி ஒரு புதுச் சீட்டு கொடுத்தாள். சாராயம் ஒரு சொட்டும் கூடாது. வலி மாத்திரை டாக்டரைக் கேட்காமல் ஒன்றும் கூடாது. முதுகுக்குப் பயிற்சி, மணிக்கு ஒரு தரம் குழியிலிருந்து எழுந்து நடை. "இதை லேமினேஷன் பண்ணாதீங்கம்மா. ரெண்டு வாரத்துல திரும்பி வாங்க, மாத்தணும்" என்றாள்.

ஜரிகை டப்பாவை வடிவாம்பாள் காலி செய்து அதில் கடுகு போட்டுவைத்தாள். தேவேந்திரன் ஒரு புது வேட்டி வாங்கிக்கொண்டு தணிகாசலம் வீட்டுக்குப் போனார். தணிகாசலம் வேட்டியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "இது கெடக்கட்டும். தெருவுல நின்னு சொன்னியே, தெருவுல நின்னு வாபஸ் வாங்கு" என்றார். பால் வாங்க ஜனம் கூடும் நேரமாகப் பார்த்து, தேவேந்திரன் பின்தெரு நடுவில் நின்று, "தணிகாசலம் சாயம் போவாது. போனது என் ரத்தம்தான்" என்று சொன்னார். அவர் ஆயுசில் ஒப்புக்கொண்ட முதல் தப்பு அது என்று தெருவில் இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள்.

ஆறு வாரம் கழித்துத்தான் வடிவாம்பாள் அவரைத் தறியில் உட்காரவிட்டாள். பாதியில் நின்ற அரக்குப் புடவை அப்படியே இருந்தது. காலையில் உட்கார்ந்து, மணிக்கு ஒரு தரம் எழுந்து நடந்து, மறுபடி உட்கார்ந்தார். தார் மாற்றும்போதெல்லாம் நூலை உறிஞ்சிவிட்டு நாக்கை நீட்டி அவளிடம் காட்டினார். அவள் முதலில் முறைத்தாள். மூன்றாம் தடவை சிரித்துவிட்டாள்.

சாயங்காலம் ஆறு மணி ஆயிற்று. முதுகு விண்ணென்று தெறித்தது. வடிவாம்பாள் எழுந்து விளக்கேற்ற உள்ளே போனாள். தேவேந்திரனின் கை, அவரைக் கேட்காமலே, பின்னால் போய்ப் பொந்தைத் தடவியது. காலியாகத்தான் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். எல்லாவற்றையும் அவள் அன்றைக்கே எடுத்து எறிந்திருப்பாள். ஆனால் விரலில் கண்ணாடி தட்டுப்பட்டது.

சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு மெதுவாக வெளியே இழுத்தார். அதே குவார்ட்டர் பாட்டில். நிறைய இருந்தது. இளவரசன் வைத்திருப்பானோ? மூடியில் கையை வைத்தவர், பாட்டில் கழுத்தில் ஏதோ துணி கட்டியிருப்பதைப் பார்த்தார். வெள்ளைத் துணியில் ஒரு துண்டு. கஞ்சி போன புது வேட்டித் துணி, அமாவாசையன்று தணிகாசலம் கட்டியிருந்தது. நடுவில் பழுப்பும் கறுப்புமாக ஒரு கறை. பல தரம் துவைத்தும் போகாத கறை என்று பார்த்தாலே தெரிந்தது.

அதை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். சீரகத் தண்ணீர். வெதுவெதுப்புகூட இன்னும் ஆறவில்லை. ஐந்து மணிக்கு அவர் நடக்கப் போயிருந்தபோது வடிவாம்பாள் வைத்திருக்க வேண்டும். இரண்டு மடக்குக் குடித்தார்.

உள்ளேயிருந்து வடிவாம்பாளின் குரல் வந்தது.

"சீரகம் தூக்கலாப் பூட்ச்சா?"

தேவேந்திரனுக்குப் புரையேறிவிட்டது. இருமி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இல்ல, சரியாத்தான் இருக்குது" என்றார்.

"அப்ப குடிச்சிட்டு வைங்க. வந்துடறேன், கரை நாடா போடணும்" என்றாள் அவள்.